பக்கத்து வீட்டுச் சுவரில் ஒட்டிய கண்ணாடி

“வெடிப்பின் குறுக்கே பொருத்தப்பட்ட கண்ணாடித் துண்டு உடைந்ததை நில அசைவின் அறிகுறியாகக் கொள்ள முடியவில்லை. அது உடைவதற்கு முந்தைய நாள் மாலை அவ்வறையில் தளபாடம் நகர்த்தப்பட்டதாக அயலவர் ஒருவரின் நாட்குறிப்பு கூறுகிறது.”

நவம்பர் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் பக்கத்து வீட்டுக்கு வந்த கடிதத்தின் இரண்டாவது பந்தி இது. கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது, தமிழாக்கம் என்னுடையது. முழுத் திகதியை இங்கே நான் தரவில்லை. தந்தால் எந்த ஆய்வு, யாருடைய ஆய்வு என்று தேடிப் பிடித்துவிடலாம். கடிதம் சொல்லும் அந்த அயலவர் நான்.

அம்பிட்டியவில் ரோட்டிலிருந்து படி இறங்கிப் போகும் சரிவில், ஒரே கூரையின் கீழ் இரண்டு வீடுகள். நடுவில் ஒரே சுவர். என் பாதி பாறையை ஒட்டி நிற்கிறது. மற்றப் பாதி மண் நிரப்பி மட்டம் பார்த்த இடத்தில் நிற்கிறது. அதில் ஒரு தாயும் மகளும் இருக்கிறார்கள். தாய் டவுனில் ஒரு துணிக்கடைக்குத் தைத்துக் கொடுப்பவர். மகள் பல்லேகலயில் ஒரு தொழிற்சாலையில் முறை மாறி மாறி வேலை செய்கிறவள். தாய் என்னை ‘அண்ணே’ என்பார். என்பார் என்றா எழுதினேன்? முன்பு அப்படி அழைத்தார் என்பதே சரி.

நான் தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கந்தோரில் இருந்த நாளிலிருந்தே தினமும் ஒரு கொப்பியில் நாட்குறிப்பு எழுதுகிறேன். எங்கள் சரிவுக்கு ஆய்வாளர்கள் வரத் தொடங்கியபோது அவர்களுக்கென்று தனிக் கொப்பி ஒன்று போட்டேன். வராத துறை இல்லை. வைத்தியத் துறையினர் இரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். சட்டம் படிக்கிறவர்கள் காணி உறுதிப் பத்திரங்களைப் படம் பிடித்தார்கள். மொழித் துறைப் பெண் ஒருத்தி நாங்கள் மழையை எத்தனை விதமாகச் சொல்கிறோம் என்று ஒலிப்பதிவு செய்தாள். சமூகவியல்காரர் ஒருவர், வீட்டில் முடிவெடுப்பது யார் என்று என்னைக் கேட்டார். அடுப்படியிலிருந்து என் மனைவி சிரித்ததை அவர் குறித்துக்கொண்டாரா தெரியவில்லை.

எல்லோரும் எங்களிடம் கையெழுத்து வாங்கினார்கள். ஆகவே நானும் அவர்களிடம் வாங்கினேன். கொப்பியில் ஐந்து நிரல்கள்: வந்த திகதி, துறை, எடுத்துச் சென்றது, முடிவைத் தருவதாகச் சொன்ன காலம், தந்த திகதி. ஐந்தாவது நிரலில் இன்றுவரை ஓர் எழுத்தும் விழவில்லை. சட்ட மாணவன் ஒருவன் பேனையைப் பிடித்துக்கொண்டே, “இதுக்குச் சட்டத்தில என்ன பெறுமதி?” என்று கேட்டான். “உங்க படிவத்துக்கு என் வீட்டில என்ன பெறுமதியோ, அதே பெறுமதிதான்,” என்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான். இன்னொருவருடைய வினாத்தாளில் கிழமையும் திகதியும் பொருந்தவில்லை. சிவப்புப் பேனையால் திருத்திக் கொடுத்து, பார்க்காததை எழுதக் கூடாது என்று உபதேசமும் செய்தேன்.

மண்சரிவு ஆய்வுக்கு வந்தவர் யாழ்ப்பாணத்து இளைஞர், முனைவர் பட்டத்துக்குப் படிப்பவர். பக்கத்து வீட்டு உள்ளறைச் சுவரில், கூரையிலிருந்து தரை வரை இறங்கிய வெடிப்பின் குறுக்கே சிறு கண்ணாடித் துண்டொன்றைச் சாந்து வைத்து ஒட்டினார். சுவர் மயிரளவு விலகினாலும் கண்ணாடி உடையும். உடைந்தால், நிலம் நகர்கிறது என்று தம் அறிக்கையில் எழுதுவார். அந்த அறிக்கையை வைத்துத்தான் எந்தெந்த வீட்டுக்குப் பாதுகாப்பான இடத்தில் மாற்றுக் காணி கொடுப்பது என்று பட்டியல் போடப் போகிறார்கள். பக்கத்து வீட்டுத் தாய்க்கு அந்தக் கண்ணாடியைப் பற்றி இதைவிட வேறெதுவும் தெரிய வேண்டியிருக்கவில்லை.

“நீங்கள் ஒவ்வொரு நாளும் கொப்பி எழுதிறனீங்கள் எண்டு கேள்விப்பட்டன், ஐயா. கண்ணாடியின்ர நிலைமையையும் ஒருக்கா எழுதி வைக்கேலுமோ?” என்று அவர் கேட்டார். ஆய்வாளர் ஒருவர் என் எழுத்தைக் கேட்டது அதுதான் முதல் தடவை. ஒப்புக்கொண்டேன்.

தினமும் காலையில் அந்தப் பெண் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, “கண்ணாடி அப்புடியேதான் இருக்குண்ணே,” என்பார். நான் எழுதுவேன். ஒக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, நல்ல மழை. பிற்பகல் 4.10க்கு நடுச்சுவருக்கு அப்பால் ‘கர்ர்’ என்று ஒரு நீளச் சத்தம், பின் மொத்தென்று ஒன்று. ‘பக்கத்து வீட்டில் அலுமாரி நகர்த்தினார்கள்’ என்று எழுதினேன். மறுநாள் காலை கண்ணாடி உடைந்திருந்தது. அதையும் எழுதினேன். ஆய்வாளர் வந்தார், கண்ணாடியைப் படம் எடுத்தார், பிறகு என் கொப்பியின் பக்கங்களையும் எடுத்தார். நானே விரித்துப் பிடித்தேன், வெளிச்சம் படும்படி.

அடுத்த மாதம் ஆய்வுக் குழுவிடமிருந்து அந்தக் கடிதம் வந்தது. அந்தப் பெண்ணுக்கு ஆங்கிலக் கடிதம் வந்தால் வாசித்துச் சொல்வது நான்தான். எங்கள் வீட்டுக் கதிரையின் நுனியில் உட்கார்ந்து, பட்டியலில் பேர் வந்துவிட்டது என்ற நம்பிக்கையில் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது பந்தியில் நான் நின்றுவிட்டேன்.

“வாசிங்கண்ணே. ஏன் நிப்பாட்டிட்டீங்க?”

வாசித்தேன்.

“தளபாடம்னா?”

“அலுமாரி, கட்டில் மாதிரிச் சாமான்.”

“எங்க அலுமாரியவா? அது எப்ப நகந்துச்சு? பலாப் பலகை, ஆறு பேரு தூக்கியாந்து வச்சது. அதப் பார்த்தேன்னு எழுதுன அந்த அயலவரு யாரு?”

“நான்தான்.”

கடிதத்தை என் கையிலிருந்து மெல்ல எடுத்து மடித்தார். “நீங்க பாத்தீங்களா?”

“சத்தம் கேட்டுது.”

“சத்தம் கேட்டுச்சா. மழைக்குச் சொவரு வெடிச்சாலும் சத்தம் கேக்கும். அது ஒங்க காதுக்கு அலுமாரியாக் கேட்டுச்சாக்கும்.” எழுந்தார். “வாரவங்க போறவங்ககிட்டயெல்லாம் கையெழுத்து வாங்குனீங்களே, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா? வேலிக்கு அந்தப் பக்கந்தானே நான் நின்னேன்.”

அன்று மாலையே ஆய்வாளருக்குத் தொலைபேசி எடுத்துக் கத்தினேன். ஏழைப் பெண்ணின் வீட்டை ஒரு வரியை வைத்துத் தள்ளிவிட்டீர்கள், விசாரிக்க ஒரு பஸ் ஏறி வர முடியாதா என்றேன். முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

“ஐயா, நீங்கள் எழுதினதைத்தான் நான் எடுத்தனான். சத்தம் கேட்டது எண்டு எழுதியிருந்தால் சத்தம் எண்டுதான் போட்டிருப்பன். அலுமாரியைக் கண்டனீங்களோ?”

“இல்லை.”

“அப்ப ஏன் அப்பிடி எழுதினனீங்கள்?”

அவருடைய ஆய்வே பட்டத்துக்காகச் செய்கிற வேலை, மக்களுக்காக அல்ல என்றேன். “ஓம், பட்டத்துக்குத்தான். நீங்கள் எதுக்கு எழுதிறனீங்கள்?” என்று கேட்டுவிட்டு அவர் வைத்துவிட்டார். அவர் மீது எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. அவர் சொன்னதில் பிழை ஒன்றும் எனக்கு அகப்படவில்லை, அதனால் அந்தக் கோபம் குறையவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தாயும் மகளும் சேர்ந்து வந்தார்கள். உள்ளே வரவில்லை, படியில் நின்றார்கள். மகள் வெள்ளைத் தாள் ஒன்றும் பேனையும் கொண்டுவந்திருந்தாள்.

“‘அலுமாரிய யாரும் நகத்தல’ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க,” என்றார் தாய்.

“நகர்த்தவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? சத்தம் மட்டும்தான் கேட்டேன், நகர்த்தியதைப் பார்க்கவில்லை என்று எழுதித் தருகிறேன்.”

“அது எங்களுக்கு எதுக்கு?” என்றாள் மகள். “நகத்துனாங்கன்னு தெரியாமயே எழுதத் தெரிஞ்சுச்சு. நகத்தலன்னு எழுதத் தெரியலயா?”

“விடு புள்ள,” என்றார் தாய். “இவரு கையி பொய்க்கு நடுங்காது, உண்மைக்குத்தான் நடுங்கும்.”

அப்போதும் நான் விடவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு மகள் வீட்டில் இருந்தாளா, வேலையிலா என்று கேட்டேன். தாய் ஒருவராக அந்த அலுமாரியை அசைக்க முடியாது. மகள் வேலையில் இருந்தாள் என்று ஒரு தாள் கிடைத்தால் அதையும் சேர்த்து அனுப்பலாம், அது வலுவான சாட்சி என்று விளக்கினேன். உதவி செய்வதாகத்தான் நினைத்தேன். மகளுக்கு முகம் சிவந்துவிட்டது.

“இப்ப எங்களயே வெசாரிக்கிறாரு பாரும்மா. தொரைக்கு இன்னொரு கொப்பி வேணுமாம்.”

வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கதவு சாத்திய பிறகு என் மனைவி, “அந்தத் தாள்ல ஒரு வரி எழுதிக் குடுத்திருந்தா என்ன கொறஞ்சு போயிருப்பீங்க?” என்றாள்.

திங்கட்கிழமை ஆய்வுக் குழுவுக்கு என் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். சத்தத்தை மட்டுமே கேட்டேன், எதையும் காணவில்லை, என் குறிப்பு ஊகம், அதை நீக்கிவிட்டு அளவீட்டை மறுபடி பரிசீலிக்க வேண்டும் என்று எழுதினேன். கிடைத்ததாக ஓர் அட்டை மட்டும் திரும்பி வந்தது. பட்டியல் இன்னும் வெளிவரவில்லை. கிராம உத்தியோகத்தரிடம் கேட்டால், ஆய்வு முடிவு வரவேண்டும் என்கிறார். ஆய்வுக் குழுவைக் கேட்டால், முடிவைக் கொடுத்தாகிவிட்டது என்கிறார்கள். என் திருத்தம் அந்த முடிவுக்குள் போனதா என்பதற்கு மட்டும் இரண்டு பக்கமும் பதில் இல்லை.

இதற்கிடையில் உதவியாளர் ஒருவர் வந்து புதுக் கண்ணாடி ஒட்டிவிட்டுப் போனார். அதன் நிலைமை எனக்குச் சொல்லப்படுவதில்லை. வேலியில் பழைய தகரம் வைத்து மறைத்துவிட்டார்கள். மழை கனக்கிற நாட்களில் தாயும் மகளும் பையைத் தூக்கிக்கொண்டு அலவத்துகொட பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறார்கள். படியில் என்னைத் தாண்டிப் போகும்போது பார்ப்பதில்லை. அவர்கள் எந்த நாளில் போகிறார்கள், எந்த நாளில் வருகிறார்கள் என்று நான் எழுதிக்கொண்டிருந்தேன். இரண்டு வாரத்தில் நிறுத்திவிட்டேன்.

கொப்பியில் அந்த வரி அப்படியே இருக்கிறது. அடிக்கவில்லை. பக்கத்தில் மட்டும் ‘காணவில்லை, சத்தம் மட்டும்’ என்று, திருத்தம் எழுதிய நாளின் திகதியோடு சேர்த்திருக்கிறேன். தரையைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். சிவப்புப் பொலிஷ் போட்ட தரையில் அலுமாரிக் கால் இழுபட்டால் தடம் விழும். ஆனால் அந்த அறைக்குள் போக எனக்கு இனி வழியில்லை. படம் எடுத்தவரும் சுவரைத்தான் எடுத்தார், தரையை எடுக்கவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை பிற்பகல் 4.10க்கு நான் கேட்டது அலுமாரியா சுவரா என்பது இதை எழுதும் நாள்வரை உறுதிப்படுத்தப்படவில்லை.