மூன்றாம் பெருநாளன்று மரக்காணம் வரை

கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு நடுவே சுவர் வைத்துக்கொண்டு வருகிறார்கள். போன மாதம் ஆபீஸ் வேலையாக மரக்காணம் போனபோது பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இந்தப் பக்கம் இரண்டு வரிசை, அந்தப் பக்கம் இரண்டு வரிசை, நடுவில் சிமென்ட். "இனிமே எவனும் ராங் சைடுல வர முடியாது மேடம்" என்றார் கூட வந்த கிளார்க். நம்ம ஆட்கள் மலையையே கொண்டுவந்து வைத்தாலும் ராங் சைடில் வருவார்கள், அது வேறு விஷயம். எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே நின்றும் போனது. ஏனென்றால், அந்த ரோட்டில் ராங் சைடில் போய் ஒரு பஸ்ஸுக்கு எதிரே நின்றவர்கள் நாங்கள், நானும் என் வீட்டுக்காரரும்.

கல்யாணமாகி நாலு வருஷம் ஆகியிருந்த சமயம் அது. ஊர் கோட்டக்குப்பம். அவர் வளைகுடாவில் வேலை. எங்கள் தெருவில் ஆண்பிள்ளை என்றால் ஒன்று பள்ளிக்கூடத்தில் இருப்பான், இல்லை கடல் தாண்டி இருப்பான், இல்லை முழங்கால் வலியோடு பள்ளிவாசல் வாசலில் உட்கார்ந்திருப்பான். அவருக்கு வருஷத்துக்கு ஒரு மாசம் லீவு. பெட்டியைப் பிரித்து சோப்பும் சென்ட்டும் பால்பவுடரும் பங்கு வைப்பதிலேயே அதில் பாதி போய்விடும், மீதி விருந்தில் போகும். என் புருஷனோடு நான் தனியாக நாலு வார்த்தை பேச வேண்டுமென்றால் மொட்டை மாடியில் துணி காயப்போடும் சாக்கில்தான் பேச வேண்டும். அந்த லீவில் ஹஜ்ஜுப் பெருநாளும் சேர்ந்துகொண்டது. மொட்டை மாடியும் போச்சு. அங்கே கயிறு கட்டி உப்புக்கண்டம் தொங்கவிட்டு, காக்காய் விரட்ட ஒரு கூட்டம் உட்கார்ந்துகொண்டது.

உப்பும் மஞ்சளும் தடவிய கறி வெயிலில் காயும் வாசனை இருக்கிறதே, மற்றவர்களுக்கு நாக்கில் தண்ணீர் ஊறும். எனக்கு இன்றைக்கும் படபடப்புதான் வரும். பெருநாளுக்கு முந்தின நாள் நான் இஞ்சி பூண்டு அரைத்துக்கொண்டிருந்தபோது, கூடப் படித்த சிநேகிதி திண்டிவனத்திலிருந்து போன் செய்தாள்.

"ஏய், ரிசல்ட் வந்துடுச்சுடி. உன் நம்பர் இருக்குது. நல்ல ரேங்க்கு, நம்ம பக்கமே போஸ்டிங் கெடைக்கும்."

அரசாங்க வேலைக்கான பரீட்சை. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே எழுதி எழுதித் தோற்றது. வீட்டில் அதை யாரும் ஒரு பொருட்டாக நினைத்ததில்லை. "பொழுது போவலன்னு எழுதிக்கினு இருக்கா, எழுதட்டும்" என்பார் என் மாமியார். மாமி என்றுதான் நான் கூப்பிடுவேன். போனை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைக்கப் போய் இஞ்சிக் காரம் கண்ணில் பட்டது. அழுவதற்கு எல்லோரும் ஒப்புக்கொள்கிற மாதிரி ஒரு காரணம் கிடைத்தது.

இதை முதலில் அவரிடம்தான் சொல்ல வேண்டும், அதுவும் தனியாக. அவரோ வந்த நாளிலிருந்து ஒரு மாதிரிதான் இருந்தார். சாப்பிடும்போது என்னைப் பார்ப்பார், நான் பார்த்தால் தட்டைப் பார்ப்பார். இரண்டாம் பெருநாள் ராத்திரி, வாசற்படியில் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டு, "உங்கிட்ட ஒண்ணு பேசணும், இங்க வாணாம்" என்றார். வேலை போய்விட்டதோ, உடம்புக்கு ஏதாவதோ. நல்லதாக ஒன்றைக்கூட நினைக்கத் தோன்றவில்லை, என் புத்தி அப்படி.

மறுநாள் காலையில் கூட்டாளியிடம் கார் வாங்கிக்கொண்டு வந்தார். மாமியிடம், "விழுப்புரத்துல ஃப்ரெண்டு வூட்ல விருந்தும்மா, சாயங்காலம் வந்துடுறோம்" என்றார்.

"பெருநாளும் அதுவுமா வூட்டு ஜனத்த வுட்டுட்டு வெளிய என்னடா விருந்து?" என்று மாமி முறைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஜல்தி வந்துடுங்க, ரவைக்கு அவன் அக்கா வர்றா" என்றார்.

விழுப்புரம் போக வண்டி தெற்கே திரும்ப வேண்டும். அவர் வடக்கே திருப்பினார். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரோ என்று பயம். ஆலம்பரைக் கோட்டை வரைக்கும் போகிறோம், அங்கே கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்து பேசலாம் என்று அவராகவே சொன்னார்.

அந்த ரோட்டின் அழகைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சவுக்குத் தோப்பு இடைவெளியில் கடல் எட்டிப் பார்க்கும், மறையும், மறுபடி எட்டிப் பார்க்கும். ஊரே பார்த்து ரசிக்கிற ரோட்டில் நான் காரின் தரையைப் பார்த்துக்கொண்டு போனேன். கூனிமேட்டில் அவருடைய சின்னம்மா இருக்கிறார். "குனி, குனி" என்றார். குனிந்தேன். யாரோ அந்தக் காரில் கருவாடு ஏற்றியிருக்கிறார்கள். முக்காட்டை மூக்கில் பிடித்துக்கொண்டு, சொந்தப் புருஷனோடு ஓடிப்போகிறவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன் என்று நினைத்தேன்.

இன்னொரு கூத்து, அவர் வண்டி ஓட்டிய விதம். அவர் வேலை பார்க்கிற நாட்டில் ஸ்டியரிங் இடது பக்கம், வண்டி போவது ரோட்டின் வலது பக்கம். நமக்கு எல்லாமே நேர்மாறு. வருஷக்கணக்காக அங்கே ஓட்டியவர் ஒவ்வொரு திருப்பத்திலும் இண்டிகேட்டர் என்று நினைத்து வைப்பரைப் போட்டார். பொட்டு மழை இல்லாத வெயிலில் அது கண்ணாடியைக் கரகரவென்று தேய்த்தது. கியர் போடப் போய்க் கதவில் கையை இடித்துக்கொண்டார். மற்ற நாளாக இருந்தால் கிண்டல் பண்ணிக் கொன்றிருப்பேன். அன்றைக்கு இரண்டு பேருமே சிரிக்கவில்லை.

மரக்காணத்துக்குச் சற்று முன்னால், வலது கைப் பக்கம் ஓலைக் கொட்டகை போட்ட ஒரு டீக்கடை. ரோட்டைத் தாண்டி வண்டியை அங்கே நிறுத்தினார். எதிரே உப்பளம், வெயிலில் கண் கூசியது. டீயும், எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்கிற வேகவைத்த வேர்க்கடலையும் வாங்கினார். கோட்டை வரைக்கும் அவரால் பொறுக்க முடியவில்லை.

"விசா வந்துடுச்சு" என்றார்.

"யாருக்கு?" என்று கேட்டேன். என் அறிவைப் பாருங்கள்.

"உனக்குத்தாம்மா. ஃபேமிலி விசா."

டிரைவராகப் போனவருக்குக் குடும்பத்தைக் கூட்டிப்போக வழியில்லை. அதற்காகவே அந்தக் கம்பெனியில் குடோன் வேலை பழகி, முதலாளி பின்னாலேயே அலைந்து, சூப்பர்வைசர் என்று விசாவில் மாற்றி வாங்கியிருக்கிறார். விண்ணப்பம் போட்டிருக்கிறார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை. டீயைக் குடிக்காமலே பேசிக்கொண்டு போனார். "ரூம் கூட பாத்துட்டேன். மூணாவது மாடி. கிச்சன்ல ஜன்னல் இருக்குது. உனக்கு மூச்சு முட்டும்னு ஜன்னல் வெச்ச ரூமா தேடினேன். ஸ்கிரீன் வாங்கி மாட்டிட்டேன், பச்ச கலரு. உன்ன கேக்காம வாங்கிட்டேன். புடிக்கலன்னா மாத்திக்கலாம். வர்றல்ல?"

வாயில் போட்ட மல்லாட்டையை என்னால் மெல்லவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. தலையை ஒரு மாதிரி ஆட்டினேன். அதை அவர் சரி என்று எடுத்துக்கொண்டார்.

வண்டியில் ஏறியதும் மனுஷனுக்கு வாய் ஓயவில்லை. வெள்ளிக்கிழமை எங்கே கூட்டிப்போவார், எந்தக் கடையில் நம்ம ஊர் முருங்கைக்காய் கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டே எடுத்தார். கடை இருந்தது வலது பக்கம் இல்லையா, அப்படியே வலது ஓரத்தில் ஏறிப் போனார். அந்த நாட்டுக்குப் போய்விட்டார், அவ்வளவுதான். ரோடு காலியாக இருந்தது. நானும் கவனிக்கவில்லை. எப்படிச் சொல்வது, எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று எனக்குள்ளேயே முட்டிக்கொண்டிருந்தேன்.

ஹாரன் கேட்டுத் தலை நிமிர்ந்தபோது கண்ணாடி முழுக்க பஸ். அவர் இன்னும் வலது பக்கமாகவே ஒடித்தார். வண்டி ரோட்டை விட்டு இறங்கி மணலில் புதைந்து நின்றது. பஸ் உரசாத குறையாகப் போய்க் கொஞ்ச தூரம் தள்ளி நின்றது. கண்டக்டர் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு கத்தினார்: "யோவ், வூட்ல சொல்லிக்கினு வந்தியா?"

எல்லா டிரைவரும் வாங்கிய திட்டுதான். ஆனால் நாங்கள் நிஜமாகவே சொல்லிக்கொண்டு வரவில்லை. செத்திருந்தால் எங்களை விழுப்புரம் ரோட்டில் தேடியிருப்பார்கள். பஸ் போய்விட்டது. அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, "ஒண்ணும் ஆவலல்ல? ஒண்ணும் ஆவலல்ல?" என்றே கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் வரல மச்சான்" என்றேன்.

"சரி, திரும்பிடலாம். கோட்டைக்கு இன்னொரு நாள் போவலாம்."

"கோட்டைக்கு இல்ல. அங்க வரல. எனக்கு வேல கெடச்சிருக்குது."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் முகம் கறுத்துவிட்டது. "எப்ப தெரியும்?"

"பெருநாளுக்கு மொத நாளு."

"நான் பச்ச கலர் ஸ்கிரீன்னு பேசிக்கினு இருக்கேன், நீ பாட்டுக்கு மல்லாட்ட தின்னுகினு இருந்தியா?"

"எங்க தின்னேன்? வாயிலியே கெடந்துச்சு."

"நாலு வருஷமா இதுக்குத்தான நாயா அலஞ்சேன். உனக்கு நான் வேணுமா, வேல வேணுமா?"

"ரெண்டும் வேணும்."

"ரெண்டும் ஒரே ஊர்ல இல்லியே" என்றார். அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். கத்துவதில் நான் யாருக்கும் சளைத்தவள் இல்லை. அவர் தெரியாத ஊரில் வழி கேட்கிற மாதிரி சொன்னார். நான் அழுதேன். மூணாவது மாடி, ஜன்னல் வெச்ச கிச்சன், அதில் காலையிலிருந்து ராத்திரி வரை இவர் வருவதற்காகக் காத்துக்கொண்டு நான் மட்டும். அப்படி இருந்தால் இவரை எனக்குப் பிடிக்காமல் போய்விடும் என்று பயமாக இருந்தது. அதை அப்படியே சொல்லிவிட்டேன். அவர் வண்டியைப் பின்னால் எடுத்து, ரோட்டில் ஏற்றி, தெற்கே திருப்பினார். ஆலம்பரைக் கோட்டையை இன்றுவரை நான் பார்த்ததில்லை.

திரும்பி வரும்போது கூனிமேட்டில் நான் குனியவில்லை, அவரும் குனியச் சொல்லவில்லை. தலாக் என்று சொல்லிவிடுவாரோ என்றுகூட நினைத்தேன். தங்கமான மனுஷனைப் பற்றி அப்படி நினைக்கக்கூடாதுதான், ஆனால் அன்றைக்கு நினைத்தேன். எங்கள் தெருவுக்கு முந்தின தெருவில் வண்டியை நிறுத்தினார்.

"வூட்ல விசா கெடைக்கலன்னு நான் சொல்லிடறேன். வேல கெடச்சத நீ ரெண்டு நாள் கழிச்சி சொல்லு. ஒண்ணா சொன்னா அம்மா ரெண்டையும் முடிச்சி போட்டுடும். அப்புறம் உன்ன வேலைக்கே அனுப்பாது."

"உங்களுக்கு?"

"எனக்கு என்ன? ஸ்கிரீன கழட்டணும், அவ்ளோதான்" என்று வண்டியை எடுத்தார்.

மாமி அந்த விசா ஆபீஸ்காரர்களுக்கு விட்ட சாபம் கொஞ்சநஞ்சமில்லை. "எம் புள்ள ஓட்டல் சோத்தத் தின்னே சாவணும்னு எழுதியிருக்குதா?" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டார். இரண்டு நாள் கழித்து வேலை விஷயத்தைச் சொன்னேன். "அதான் அங்கயும் போவ முடியலியே, சும்மா குந்தியிருக்கறதுக்கு இதுக்காச்சும் போவட்டும்" என்று அனுப்பிவிட்டார். திண்டிவனத்தில் வேலையில் சேர்ந்தேன். அவர் லீவு முடிந்து போனார். அடுத்தடுத்த வருஷம் வந்தார், போனார். மகள் பிறந்தாள், இப்போது ஒன்பதாவது படிக்கிறாள்.

மாமி மட்டும் விடவில்லை. ஒவ்வொரு தொழுகை முடிந்ததும் கையேந்தி, மருமகளுக்கு விசா கிடைக்க வேண்டும் என்று துஆ கேட்பார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஆமீன் சொல்வேன். அல்லாஹ் மன்னிக்கட்டும், சொல்லாமல் எப்படி இருப்பது? இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாமி மௌத்தாகிவிட்டார். கடைசிவரை எங்கள் பொய்யை நம்பினார். வேலைக்குப் போனதில் எனக்கு ஒரு நாளும் வருத்தமில்லை. அதைச் சத்தமாகவே சொல்வேன்.

போன வாரம் அவர் போனில் பேசியபோது ரோட்டுக்கு நடுவே சுவர் வைக்கிற கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "செரி, இப்பல்லாம் விசா ஈஸியா கெடைக்குதாம். வர்றியா?" என்றார்.

"ரிட்டயர் ஆவட்டும், வர்றேன்" என்றேன்.

"அப்ப நான் ஊருக்கு வந்துடுவேன், நீ தனியா வந்து இரு" என்றார். மறுபடி சிரித்தோம். மகளின் ஸ்கூல் ஃபீஸ் பற்றிப் பேசினோம். வைத்துவிட்டார்.

நான் என்ன சொல்லிவிடுவேனோ என்ற பயம் அவர் குரலில் துளிகூட இல்லை. இவர் என்ன ஆவாரோ என்ற பயம் எனக்கும் இல்லை. வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி என்று இரண்டு பேருக்கும் எப்போதோ ஆகிப்போயிருக்கிறது. எந்த வருஷம் அப்படி ஆனது என்று யோசித்துப் பார்த்தேன், தெரியவில்லை. மகள் பார்த்துவிடக்கூடாது என்று கிச்சனுக்குள் போய் அழுதேன்.