நான் காலால் தள்ளிய பூட்ஸ்

அந்தப் படம் பொய். எடுத்தவன் நான்.

நீங்கள் அதைப் பார்த்திருப்பீர்கள். கருகிய மலைச்சரிவு, பின்னால் புகை. பாறைமேல் காக்கி உடையில் ஒரு தீயணைப்பு வீரர் உட்கார்ந்திருக்கிறார். கையில் பாதி எரிந்த புங்கங்கிளை. கரி அப்பிய வெறுங்கால்கள் இரண்டும் படத்தின் நடுவே. "காலணிகூட இல்லாமல் காட்டுத்தீயை மிதித்தவர்" என்று கீழே ஒரு வரி. உங்களில் எத்தனை பேர் கண்கலங்கினீர்கள்! எத்தனை பேர் அதை அடுத்தவருக்கு அனுப்பி வைத்தீர்கள்!

அவருக்குக் காலணி இருந்தது. படத்தின் விளிம்புக்கு வெளியே, ஒரு முழத் தூரத்தில் கிடந்தது. அதை அங்கே தள்ளியது என் வலது கால்.

மன்னிப்புக் கேட்பதற்காக இதை எழுதவில்லை. அந்தக் குரல் எனக்கு வராது. நடந்ததைச் சொல்கிறேன். திட்டுவதென்றால் திட்டுங்கள், ஆனால் முழுவதையும் கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

நான் திண்டிவனத்துக்காரன். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று எது வந்தாலும் படம் எடுப்பேன். விழுப்புரத்தில் இருக்கும் ஒரு நாளிதழ் அலுவலகத்துக்குச் செய்திப் படமும் அனுப்பிக்கொண்டிருந்தேன். கோடை வந்தால் செஞ்சிப் பக்கத்து மலைகளில் மஞ்சம்புல் பற்றிக்கொள்ளும். புகை தெரிந்ததும் கேமராவைத் தூக்கிக்கொண்டு வண்டியை முடுக்குவேன். கல்யாண வீட்டில் எடுப்பது பிழைப்புக்கு. தீயை எடுப்பது எனக்காக... அதில் எனக்கு வெட்கமில்லை.

மலைத்தீயை அணைப்பது எப்படி என்று உங்களுக்குத் தெரியுமா? தண்ணீர் பீய்ச்சி அடிப்பார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்! வண்டி அடிவாரத்திலேயே நின்றுவிடும். குழாய் மேலே எட்டாது. வீரர்கள் கீழே பச்சைத் தழையாக ஒடித்துக்கொண்டு, பாறை பாறையாக ஏறி, நெருப்பின் ஓரத்தில் வரிசையாக நின்று அடிப்பார்கள். அடித்த இடத்தைப் பூட்ஸ் காலால் மிதித்துக் கங்குகளை நசுக்குவார்கள். அவ்வளவுதான் கருவி. தழையும் காலும்.

அந்தப் பூட்ஸின் லட்சணத்தைச் சொல்கிறேன். சூட்டில் பசை இளகி அடிப்பாகம் வாயைப் பிளந்துவிடும். அதற்காகப் பழைய சைக்கிள் டியூபைப் பட்டையாக அறுத்து, பூட்ஸைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் ஏறுவார்கள். ஒருவர் இருவர் அல்ல, நான் பின்னாலேயே போகும் தீயணைப்பு நிலையத்தில் எல்லோரும்! எந்த நிலையம் என்று சொல்ல மாட்டேன்.

அந்த டியூப் கட்டிய பூட்ஸை நான் வருடக்கணக்கில் படம் எடுத்தேன். அனுப்பினேன். விழுப்புரத்திலிருந்து பதில் வரும்.

"ஏம்ப்பா, செருப்புக் கடை விளம்பரமா இது? நெருப்பு எங்க? மூஞ்சி எங்க?"

என் முகநூல் பக்கத்திலும் போட்டேன். நீங்கள் தள்ளிவிட்டுப் போனீர்கள். ஆம், உங்களைத்தான் சொல்கிறேன். உண்மையை நான் காட்டிய நாள்களில் நீங்கள் எங்கே போயிருந்தீர்கள்?

செல்வராசு அந்த நிலையத்தில் மூத்தவர். அடுத்த பதவி உயர்வு அவருக்குத்தான் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மனைவி அங்கன்வாடியில் வேலை, மகள் பன்னிரண்டாம் வகுப்பு. மலையேறும்போதெல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்து ஒரு அதட்டல் போடுவார்.

"தம்பி, பின்னாலயே வந்துக்கினு இருக்காதீங்க. காத்து திரும்பிச்சின்னா பேஜாராயிடும்."

நான் கேட்டதில்லை. ஒருமுறை காற்று திரும்பியேவிட்டது. சட்டைக் காலரைப் பிடித்து என்னைப் பாறைக்குப் பின்னால் இழுத்துப் போட்டவர் அவர்தான்.

படம் எடுத்த அன்று தீ அணையப் பிற்பகல் ஆகிவிட்டது. இறங்கி வந்ததும் அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. யாரும் பேச மாட்டார்கள். கிடைத்த பாறையில் உட்கார்ந்து, டியூபை அவிழ்த்து, பூட்ஸைக் கழற்றி, பாட்டிலில் மிச்சமிருக்கும் தண்ணீரைக் குடிக்காமல் காலில் ஊற்றிக்கொள்வார்கள். கால் ஆறிய பிறகுதான் வாய் திறக்கும்.

செல்வராசு பூட்ஸைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். பிளந்த அடிப்பாகம் வழியாகப் புகுந்த கரி கால் முழுக்க அப்பியிருந்தது. பாட்டிலைத் திறக்கவில்லை, களைத்துப்போய் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் ஒரு படம் எடுத்தேன். கேமராவில் பார்த்தேன். பூட்ஸைக் கழற்றிவிட்டு இளைப்பாறும் ஓர் ஆள். அவ்வளவுதான். விழுப்புரத்தில் இதையும் குப்பையில் போடுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் ஓரடி முன்னால் வைத்தேன். வலது காலால் பூட்ஸை மெல்லத் தள்ளினேன். அது பாறையிலிருந்து சரிந்து சருகில் விழுந்தது. மறுபடி எடுத்தேன்...

இப்போது படத்தில் இருந்தவர் இளைப்பாறும் ஆள் அல்லர். வெறுங்காலோடு நெருப்புக்குள் போய்வந்த ஆள்! அந்த வரியையும் நானே எழுதி அனுப்பினேன். எவரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். முதல் பக்கம். தொலைக்காட்சி. விழுப்புரம் பேருந்து நிலையத்தின் எதிரே, ஆளுயரத்துக்கு அந்தக் கால்களை அச்சடித்து யாரோ பேனர் கட்டினார்கள். டீக்கடையில் பெரிய மனிதர்கள் கொதித்தார்கள். மேலிடத்திலிருந்து உத்தரவு பறந்தது, மாவட்டம் முழுவதற்கும் புதிய பூட்ஸ்! தடித்த அடிப்பாகம், சூடு தாங்கும் தோல்.

வருடக்கணக்கான என் உண்மைப் படங்கள் ஒரு ஜோடியைக்கூடக் கொண்டுவரவில்லை. ஒரே ஒரு பொய் கொண்டுவந்தது. இதற்கு நான் வெட்கப்பட வேண்டுமா? சொல்லுங்கள்!

ஆனால் செல்வராசுவை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள்.

எல்லோருக்கும் ஏற்கெனவே பூட்ஸ் கொடுத்திருக்கும்போது நீ ஏன் வெறுங்காலோடு உட்கார்ந்தாய்? துறையைக் கேவலப்படுத்த உனக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? இதுதான் கேள்வி. அந்த நிலையத்து ஓட்டுநர் முருகன்தான் டீக்கடையில் என்னிடம் சொன்னான்.

"அண்ணன் பூட்ஸ் போட்டுக்கினு தான் ஏறுனாருன்னு நாங்க எல்லாரும் சொன்னோம் சார். அப்போ படம் பொய்யான்னு கேக்கறாங்க. நாங்க இன்னா சொல்றது?"

"அண்ணன் இன்னா சொன்னாரு?"

"பக்கத்துல தான் இருந்துச்சின்னாரு. அதுக்கு மேல வாயே தெறக்கல."

பதவி உயர்வை நிறுத்தினார்கள். தெற்கே, கடலோரத்தில் ஒரு நிலையத்துக்கு மாற்றினார்கள். மகளின் தேர்வுக்குக்கூட அவர் ஊரில் இல்லை.

முதலில் எடுத்த படம் என்னிடம் இருந்தது. பூட்ஸோடு இருக்கும் படம். அதைக் கொண்டுபோய் மேசையில் வைத்திருந்தால் அவர்மேல் இருந்த பழி அன்றைக்கே நீங்கியிருக்கும். நான் வைக்கவில்லை.

ஏன்? பூட்ஸ் இன்னும் வந்து சேராத நேரம் அது. நானே போய்ப் படம் பொய் என்று நின்றால், எல்லாம் நாடகம் என்று சொல்லி உத்தரவைக் கிடப்பில் போட்டிருப்பார்கள். ஒருவருக்காக இத்தனை பேரின் காலைச் சுட விடுவதா? இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போதும் அது தவறான கணக்கு என்று நான் நினைக்கவில்லை.

அதே மாதத்தில்தான் நாளிதழ் என்னை நிரந்தரமாக வேலைக்கு எடுத்தது. மேடையில் சால்வை போர்த்தினார்கள். பூட்ஸுக்காக வாயை மூடினாயா, சால்வைக்காகவா? கேட்பீர்கள், தெரியும்... இரண்டுக்கும்தான்! போதுமா?

பூட்ஸ் வந்து சேர்ந்தது. எல்லோரும் போட்டுக்கொண்டார்கள். அப்போதாவது சொல்லியிருக்கலாமே? நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். அப்படியே போய்விட்டது.

அடுத்த கோடையில் மறுபடி மலை எரிந்தது. போனேன். புதிய பூட்ஸ்கள் கங்குகளை மிதித்துக்கொண்டிருந்தன. பார்க்கவே அவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தது. இறங்கியதும், புதிதாகச் சேர்ந்த வீரர் ஒருவர் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"சார், மூஞ்சிய எடுங்க. கால வுட்டுடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது?

சில வாரங்களுக்கு முன், திண்டிவனம் பேருந்து நிலையத்தில் செல்வராசுவைப் பார்த்தேன். விடுமுறை முடிந்து திரும்பிக்கொண்டிருந்தார். தோளில் பை, கையில் ஒரு மஞ்சள் பை நிறைய மல்லாட்டைக் கடலை. இளைத்திருந்தார். ஒளிந்துகொள்ளலாமா என்றுகூட நினைத்தேன்... அதற்குள் பார்த்துவிட்டார்.

"நல்லாக்கிறீங்களா தம்பி?"

நலம் விசாரித்தவரிடம் நான் என்ன சொன்னேன் தெரியுமா? பெருமை பேசினேன்! "புது பூட்ஸ் எல்லாருக்கும் வந்துடிச்சிண்ணா, கேள்விப்பட்டீங்களா?" என்றேன்.

"பசங்க போட்டோ அனுப்பிச்சாங்க. சூப்பரா கீது."

"உங்களுக்கும் அங்க குடுத்துட்டாங்களா?"

"அது நம்ம மாவட்டத்துக்குத் தானே தம்பி வந்துச்சி. அங்க இன்னும் பழசு தான். டியூப் கட்டிக்கினு தான் போறோம்."

சாதாரணமாகத்தான் சொன்னார். எந்தக் கால்களைக் காட்டி நான் ஒரு மாவட்டத்துக்கே பூட்ஸ் வாங்கினேனோ, அந்தக் கால்களுக்கு மட்டும் கிடைக்கவில்லை.

அவர் பேருந்து வரும் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"நீங்க தள்ளுனத நான் பாத்தேன் தம்பி."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்த மனிதர்! "விசாரணையில ஏண்ணா சொல்லல?" என்று எப்படியோ கேட்டுவிட்டேன்.

"சொன்னா பசங்களுக்கு பூட்ஸ் நின்னுடும்னு தோணிச்சி. சரி, வரட்டும்னு வுட்டேன். வந்தப்புறம் நீங்களே சொல்லிடுவீங்கன்னு பாத்துக்கினு இருந்தேன்."

பேருந்து வந்துவிட்டது. "வர்றேன் தம்பி" என்று ஏறிக்கொண்டார். சன்னலோரம் உட்கார்ந்து கையைக்கூட அசைத்தார்.

நான் சொல்லிக்கொண்ட அதே காரணம்தான் அவருக்கும். இத்தனை நாளாக எனக்கு அரணாக இருந்த வாதத்தை அவர் இரண்டு வாக்கியத்தில் தன்னுடையதாக்கிக்கொண்டு போய்விட்டார். அதை வைத்துக்கொண்டு அவர் ஊரை இழந்தார். நான் வேலையில் அமர்ந்தேன். இப்போதும் சொல்கிறேன், அன்று பூட்ஸைத் தள்ளியதற்காக நான் வருந்தவில்லை. மறுபடி அந்தப் பாறைக்கு என்னைக் கொண்டுபோய் நிறுத்தினாலும் தள்ளுவேன்! அதன்பிறகு நான் இருந்த மௌனம்தான்... அதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

முதல் படம் இன்றும் என் கணினியில் இருக்கிறது. காலையில்கூடத் திறந்து பார்த்தேன். பூட்ஸ் தெளிவாகத் தெரிகிறது, டியூப் பட்டைகூடத் தெரிகிறது. அனுப்பினால் அவர் ஊர் திரும்பலாம். என் வேலை போகும். மூடி வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

செல்வராசு என்பது அவர் பெயரல்ல. எந்த மலை என்றும் சொல்லவில்லை. இதன் அடியில் என் பெயரும் இராது. இவ்வளவு வீறாப்பாக எழுதியும் அதை மட்டும் விளிம்புக்கு வெளியே தள்ளிவிட்டேன், கவனித்தீர்களா?

கோடை தொடங்கிவிட்டது. அங்கே எங்காவது புகை தெரிந்தால், அவர் குனிந்து டியூபை இறுக்கிக் கட்டிக்கொண்டு போவார்.