பீருக்குப் பத்தியம் இருந்த வீடு

எங்கள் பக்கத்துக் கருப்பராயன் கோயிலில் கயிறு கட்டிக்கொண்டால், அது கையில் இருக்கும்வரை குடிக்கக் கூடாது. தொண்ணூறுகளின் நடுவில், சூலூர்ப் பக்கம் தறி போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்த காலத்தில், ஒரு சித்திரை மாதம் என் மனைவி என்னை அங்கே கூட்டிப்போய், ஆடி முடியும்வரை என்று சொல்லிக் கட்டவைத்தாள்.

"இத அறுத்துப்போட்டுக் குடிச்சீங்கன்னா நா எங்கூட்டுக்குப் போயிருவேனுங்க" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். ஆனால் போய்விடுவாள் என்று எனக்குத் தெரியும்.

பிறகு அவளுக்கு டைபாய்டு வந்தது. தேறி எழுந்தபோது ஆளே பாதியாகியிருந்தாள். சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த அவளுடைய அண்ணன், பெட்டியைத் திறந்து கறுப்பு பீர் பாட்டில்களை வரிசையாக எடுத்து வைத்தார். ஸ்டவுட் என்று பெயராம்.

"அங்கெல்லாம் பொம்பளைங்க ஒடம்பு தேறோணும்னா இதத்தான் குடிக்கறாங்க மாப்ளே. ராத்திரி சோத்துக்கு முன்னால ஒரு டம்ளர்" என்றார்.

அவர் சொன்னதில் பீர் என்பது என் மனைவியின் காதில் ஏறவே இல்லை. உடம்பு தேறும் என்றால் அது மருந்து. மருந்து என்றால் பத்தியம். என்ன பத்தியம் என்று யாரும் சொல்லாததால் அவளே தீர்மானித்தாள். புளி கிடையாது, கருவாடு கிடையாது, பாகற்காய் கிடையாது, கறி வாசமே கூடாது. ஒரு வீட்டில் இரண்டு சமையலா என்று எனக்கும் அதையே போட்டாள். குடிக்கிறவள் அவள், மிளகு ரசம் எனக்கு! இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

பாட்டில் மூடியைத் திறக்கிற வேலையும் என் தலையில்தான் விழுந்தது. அவளுக்குத் திறக்கத் தெரியாது. புஸ்ஸென்று ஒரு வாசம் வரும் பாருங்கள், நான் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் ஊற்றுவேன்.

முதலில் அவள் விளக்கெண்ணெய் குடிப்பதைப் போலக் கண்ணை மூடி விழுங்கிவிட்டு, ஒரு துண்டு கருப்பட்டியைக் கடித்துக்கொண்டாள். போகப் போகக் கருப்பட்டி நின்றது. பிறகு டம்ளரை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறத்துத் துவைக்கிற கல்லில் போய் உட்கார ஆரம்பித்தாள். ஒரு வாய் குடிப்பாள், தென்னை மரத்தைப் பார்ப்பாள். மேலுதட்டில் நுரை மீசை இருப்பது அவளுக்குத் தெரியாது. டிவியில் ஞாயிற்றுக்கிழமைப் படம் ஓடிக்கொண்டிருக்கும், எழுந்து வரமாட்டாள்.

பொறுக்க முடியாமல் ஒரு நாள் கேட்டேன்: "எப்பிடி அம்மணி இருக்குது?"

"மொதல்ல கசக்குதுங்க. அப்புறம் கொஞ்சம் கருக வறுத்த நெலக்கடலையாட்ட வருது. முழுங்கிப்போட்டு சும்மா இருந்தா, கடைசீல காப்பித் தண்ணியாட்ட அடி நாக்குல நிக்குதுங்க. அவசரப்பட்டா ஒண்ணுந் தெரியறதில்ல."

நான் இத்தனை வருடம் கடையில் நின்றபடியே, நாக்கில் படாமல் தொண்டையில் இறக்கிவிட்டு ஊறுகாயைத் தேடியவன். எனக்குப் பொறாமையில் வயிறு எரிந்தது. அவள் சொன்னது போல ஒரே ஒரு தடவை, உட்கார்ந்து, அவசரப்படாமல் குடித்துப் பார்த்துவிட வேண்டும் என்று வெறியே வந்துவிட்டது.

ஆடி முடிந்தபோது ஒரே ஒரு பாட்டில் மிச்சம் இருந்தது. அதை ஈரத் துணி சுற்றித் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் நானே வைத்தேன். அடுத்த நாள் காலை இருவரும் கோயிலுக்குப் போனோம். பூசாரி கயிற்றை அறுத்தார். கை லேசானது. மனம் அதைவிட லேசாகி, பானைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டது.

"மறுக்காக் கட்டறதுங்களா?" என்று பூசாரி சும்மா கேட்டு வைத்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி என் கையைப் பிடித்து அவர் முன்னால் நீட்டிவிட்டாள். "கட்டுங்க சாமி, தை வரைக்கும்."

பூசாரி கட்டி முடித்துவிட்டு, நல்ல மனிதர், அவளிடமும் ஒரு கயிற்றை நீட்டினார். "அம்மணிக்கும் ஒண்ணு கட்டிரட்டுங்களா?"

அவள் சட்டென்று கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"எனக்கு வேண்டாமுங்க சாமி. மருந்து இன்னும் கொஞ்சம் இருக்குதுங்க."