கூரை தொடும் சுவர்

இணையத்தில் எனக்கென்று ஒரு லயம் கட்டியபோது நான் முதலில் செய்த வேலை, சுவர்களைக் கூரை வரைக்கும் எழுப்பியதுதான்.

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருக்கும் உண்மையான லயத்தில் சுவர் கூரையைத் தொடாது. ஒரே நீளக் கட்டடத்தில் வரிசையாகப் பன்னிரண்டு காம்பரா, காம்பராவுக்கு ஒன்றாகப் பன்னிரண்டு குடும்பம். நடுச்சுவர் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே போய் நின்றுவிடும். அதற்கு மேல் தகரம் வரை திறந்தவெளி. ஒரு வீட்டில் தும்மினால் மூன்றாவது வீட்டில் கேட்கும். இப்படி வாழ்வதற்கென்று எங்களிடம் ஒரு மரியாதை உண்டு: கேட்டதைக் கேட்காததுபோல் இருப்பது. முதல்நாள் ஒரு வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் கட்டிப் புரண்டு சண்டை போட்டிருப்பார்கள். மறுநாள் காலையில் தண்ணீர் பிடிக்கும் பைப்படியில் பக்கத்து வீட்டுக்காரி தானாகவே சொல்வாள்: "நேத்து அசந்து தூங்கிட்டேன் புள்ள, ஒண்ணும் கேக்கல." அப்படிச் சொன்னால் ஒரு சொல் விடாமல் கேட்டிருக்கிறாள் என்று அர்த்தம். பிறந்ததிலிருந்து இதில் ஊறிப்போனதால், சுவருக்கு அந்தப் பக்கத்துச் சத்தம் என் காதில் விழுவதே இல்லை.

இணையத்தில் நான் சொல்லும் அந்த உலகத்தில் ஆட்கள் பொம்மை உருவங்களாக நடமாடுவார்கள். வீடு கட்டலாம், கூட்டம் கூடலாம், பேசலாம், கைதட்டலாம். பதுளையில் போட்டோகொப்பி கடையில் வேலை பார்த்துக்கொண்டு படம் வரைகிற ஒருத்திக்குக் கொழும்பில் எந்த ஓவியக்கூடமும் கதவைத் திறக்கவில்லை. கடிதம் போட்டுப் போட்டுக் கை சலித்ததுதான் மிச்சம். இங்கே திறந்தது. கனடாவில் இருக்கும் ஓர் அக்கா அந்த உலகத்துக்குள் ஒரு கலைக்கூடம் நடத்துகிறார். அங்கே நான் கட்டிய லயத்தில் அறைக்கு ஒரு படம் தொங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்தரைக்கு என் பொம்மை அறை அறையாக நடக்க, நான் என் குரலில் அந்தப் படங்களின் கதையைச் சொல்ல வேண்டும். நன்றாக வந்தால் ஒரு வருஷத்துக்கு அந்த இடம் என்னுடையது. முப்பத்தைந்து வயதில் எனக்கு வந்த முதல் அழைப்பு அது. இதை விட்டால் இன்னொன்று வராது என்று உறுதியாகத் தெரிந்திருந்தது.

அந்த ஞாயிறு காலையில் பக்கத்துக் காம்பரா அண்ணன் செத்துப்போனார். அவர் பெண்சாதி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தவர் எழும்பவில்லை. என் மடிக்கணினி இருந்த மேசையே அவர்கள் வீட்டு மேசைதான். நான் தரையில் குந்தி வரைவதைப் பார்த்துவிட்டு, "முதுகு போயிரும் தங்கச்சி" என்று அவரே தூக்கிவந்து போட்டது.

சாவு விழுந்த லயத்தில் சவப்பெட்டி வெளியேறும் வரை ரேடியோகூடப் போட மாட்டார்கள். கனடா அக்காவுக்கு விஷயத்தை எழுதினேன். "கவலையாத்தான் இருக்கு. ஆனா ஆக்கள் எல்லாம் வரப்போயினம். இண்டைக்கு விட்டா இனி இடமில்லை, தங்கச்சி" என்று பதில் வந்தது. அவர்மேல் கோபம் வந்தது. பிறகு அவரும் என்னதான் செய்வார் என்று பட்டது. டவுனுக்குப் போகலாமென்றால் கடை பூட்டு. மழை வேறு. சிக்னல் கிடைப்பது எங்கள் வீட்டில் அந்த ஒரு ஜன்னலோரத்தில் மட்டும்.

அம்மா சாவு வீட்டிலிருந்து ஒரு எட்டு வந்து பார்த்தார்.

"பொணம் கெடக்குற லயத்துல கூத்து நடத்தப் போறியா?"

"வாயே தெறக்க மாட்டேம்மா. பொம்ம மட்டும் நடக்கும். கதைய எழுத்துல போட்டுர்றேன்."

"அக்காகிட்ட ஒக்காந்திருக்க வேண்டிய நேரண்டி இது."

"ஒரு மணி நேரம். ஒரே ஒரு மணி நேரம் விடும்மா." கெஞ்சினேன். அழுதேன் என்றும் சொல்ல வேண்டும். அண்ணனுக்காக அழவில்லை. அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

ஐந்தரைக்கு இயர்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். நாற்பது பேர்வரை வந்திருந்தார்கள். என் பொம்மை முதல் அறைக்குள் போனது. நான் ஒவ்வொரு வரியாகத் தட்டெழுதினேன். மூன்றாவது அறைக்குப் போவதற்குள் கூட்டம் அசையாமல் நிற்பது தெரிந்தது. ஆறாவது அறையில் யாரோ அழுகிற முகக்குறி போட்டார்கள். என் எழுத்துதான் அவர்களைப் பிடித்துக்கொண்டது என்று நினைத்தேன். அத்தனை வருஷ ஏமாற்றமும் அன்றைக்குத் தீர்ந்துவிடும் போலிருந்தது.

பன்னிரண்டாவது அறையில் ஒருவர் எழுதினார்: 'இந்தக் குரல் யாருடையது?'

எந்தக் குரல் என்று எனக்கு விளங்கவில்லை. திரையின் மூலையில் மைக் அடையாளம் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. காலையில் சோதித்துப் பார்க்கத் திறந்ததை மூடவில்லை. அப்போதுதான், இயர்போனைத் தாண்டி, சுவருக்கு மேலாக அக்கா அழுவது என் காதில் விழுந்தது. "என்னைய விட்டுட்டுப் போனியே ராசா, மழைக்கு ஒழுகுற கூரைய யாரு அடைப்பா..." முதல் அறையிலிருந்தே அவர் அழுதுகொண்டுதான் இருந்திருக்கிறார். எனக்குத்தான் கேட்கவில்லை. மைக்குக்கு லயத்து மரியாதை தெரியாது.

பதறிப்போய் மைக்கை மூடப்போனவள், இயர்போன் வயரை இழுத்துவிட்டேன். அது பிடுங்கிக்கொண்டு வந்தது. அதே நொடியில் நிகழ்ச்சி முடிந்ததென்று நினைத்து அத்தனை பேரும் கைதட்டினார்கள். மடிக்கணினியின் ஸ்பீக்கரில் முழுச் சத்தமாக. ஒருவர் விசில்கூட அடித்தார். சத்தத்தைக் குறைக்கும் பொத்தானைத் தேடித் தேடி அமுக்கினேன். பக்கத்து வீட்டில் அழுகை சட்டென்று நின்றது. பிறகு சர்ச் உபதேசியார் ஜெபத்தை ஆரம்பித்தார்.

கனடா அக்காவின் செய்தி வந்திருந்தது: 'பின்னால அந்த ஒப்பாரியை வச்சது அருமை. பதிவை நிரந்தரமா வைக்கிறம். ஒரு வருஷம் உங்களுக்குத்தான்.'

அது உண்மையான சாவு என்று எழுதியிருக்கலாம். பதிவை அழித்துவிடுங்கள் என்று ஒரு வரி போதும். விரல் விசையின்மேல் இருந்தது. 'நன்றி அக்கா' என்று எழுதினேன்.

அந்தப் பதிவு இன்றைக்கும் அங்கே ஓடுகிறது. யார் யாரோ வந்து கேட்டுவிட்டு, மனதைத் தொட்டது என்று எழுதிப் போகிறார்கள். நான் கட்டிய லயத்தில் இப்போது எந்த அறையில் நின்றாலும் பக்கத்து வீட்டு அக்காவின் குரல் கேட்கிறது. இப்போது அழிக்கச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள், சொன்னால் இடம் போய்விடும். இப்படியே ஒவ்வொரு வாரமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டு, என்னையே எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது. மேசையைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். "வச்சுக்க, நீதானே வரையுற" என்றார் அக்கா.

முப்பதாம் நாள் ஜெபம் முடிந்த மறுநாள் காலை, பைப்படியில் எங்கள் இருவரையும் தவிர யாரும் இல்லை. சொல்லிவிடுவதென்று போயிருந்தேன். "அக்கா, அன்னைக்கு சாயங்காலம்..." என்று வாயெடுத்தேன். அவர் என்னை முடிக்க விடவில்லை. தன் குடத்தை நகர்த்திவிட்டு என் வாளியைப் பைப்புக்குக் கீழே இழுத்து வைத்தார்.

"அன்னைக்கு எனக்கு நெனவே இல்ல புள்ள" என்றார், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே. "ஒண்ணும் கேக்கல."