குப்பனூர் வளைவில் சொன்ன பொய்

எட்டு வருடம் லண்டனில் கார் ஓட்டி நான் கற்றது, ஹாரன் அடிக்காமல் இருப்பது. விடுமுறையில் மனைவி, மகளோடு ஏற்காடு பார்த்துவிட்டுக் குப்பனூர் வழியாக இறங்கும்போதும் அதே கெத்து. மூடுபனியில் பாதையே தெரியவில்லை.

"வளைவுல ஹாரன் அடிங்க," என்றாள் மனைவி.

"நாம என்ன காட்டுமிராண்டியா?" என்றேன்.

அப்போது கோணிச்சாக்கு போர்த்திய எஸ்டேட் தொழிலாளி ஒருவர் காரைத் தட்டி நிறுத்தினார். மறுநொடி ஒரு லாரி எங்களை உரசாத குறையாக மேலேறியது.

"ஏனுங்க, ஹாரன் கெட்டுப்போச்சுங்களா?"

வெட்கத்தில், "ஆமாங்க," என்றேன்.

"நொம்ப ஆபத்துங்க. நான் முன்னால சத்தம் குடுத்துக்கிட்டே போறேன், பொறவால வாங்க."

அவர் கத்திக்கொண்டே நடந்தார். உண்மையைச் சொல்லாமலே நான் பின்னால் காரை ஊர்ந்தபடி ஓட்டினேன். மூன்றாவது வளைவில் இருமல் வந்து அவர் குரல் அடைத்தது. எதிரே இரண்டு விளக்குகள் முளைத்தன.

ஹாரனை அழுத்தினேன். மலையே அலறியது. அவர் ஓரமாகத் தாவ, பஸ் கடந்துபோனது.

ஜன்னலில் குனிந்தார். "நல்லாத்தானுங்க கத்துது." பிறகு மகளிடம், "இனி வளைவுக்கு வளைவு அப்பாவ அடிக்கச் சொல்லு கண்ணு," என்றார்.

அந்த மூன்று வளைவுகளையும் அவர் தனியாகத் திரும்பி ஏற வேண்டும் என்பது, அவர் பனியில் மறைந்த பிறகே எனக்கு உறைத்தது.