நான் அடிக்காத ஆள்

பசறை டவுனில் ஆட்டோ ஓட்டத் தொடங்கி நெடுநாள் வரைக்கும் நான் ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் நான் சொல்லப்போவது, யாரையோ அடித்துப் போட்டுவிட்டேன் என்று நம்பிக்கொண்டு திரிந்த காலத்தைப் பற்றி.

ஒரு மழை நாளில் அது தொடங்கியது. பதுளைக்கு ஒரு ஹயர் போய், ஆட்களை இறக்கிவிட்டு, வெறும் வண்டியோடு திரும்பி வந்துகொண்டிருந்தேன். பனிமூட்டம் இறங்கி ரோட்டில் பாதிதான் தெரிந்தது. ஒரு வளைவில் பின் சக்கரம் எதிலோ ஏறி இறங்கியது. அந்த இடத்தில் ஒரு குழி இருக்கிறது, எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் கொஞ்ச தூரம் வந்ததும் மனதுக்குள் ஒரு கேள்வி விழுந்தது. அது குழிதானா? யாராவது படுத்துக் கிடந்திருந்தால்?

வண்டியைத் திருப்பினேன். போய்ப் பார்த்தால் குழி, அது நிறையத் தண்ணீர், வேறொன்றும் இல்லை. சிரித்துக்கொண்டே கிளம்பினேன். டவுனுக்கு வந்து சேர்வதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது. அடிபட்ட ஆள் உருண்டு, ரோட்டோரத்தில் மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்திருந்தால் ரோட்டில் எப்படித் தெரியும்? கானைப் பார்த்தாயா?

கானைப் பார்க்க மறுபடி போனேன்.

அதற்குப் பிறகு சக்கரம் எங்கே குலுங்கினாலும் இதே கதைதான். ஆட்கள் உள்ளே இருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுவேன். இறக்கிவிட்டதும் அதே வழியில் போய்த் தேயிலைச் செடிகளுக்கு அடியில்கூடக் குனிந்து பார்ப்பேன். வீட்டுக்கு வந்தால் வண்டியின் முன் சக்கரத்தில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று துணியால் துடைத்து, துணியை முகர்ந்து பார்ப்பேன். பிறகு மனைவியிடம் கேட்பேன்.

"இன்னிக்கு ரோட்டுல ஏதும் விபத்துன்னு சொன்னாங்களா?"

"இல்லீங்களே."

"நான் யாரையும் அடிச்சிருக்க மாட்டேன்ல?"

"நீங்க ஏங்க அடிக்கப்போறீங்க? சாப்பிடுங்க."

அந்தச் சொல்லைக் கேட்டால் சோறு இறங்கும். கை கழுவிவிட்டு வந்து மறுபடி கேட்பேன். அவள் மறுபடி சொல்வாள்.

ஆட்டோ ஸ்டாண்டில் இருந்த கூட்டாளிகள் வேறு கணக்குப் போட்டார்கள். ஹயர் முடிந்த பிறகும் இவன் ஏன் அந்தப் பக்கமே போகிறான்? அங்கே யாரையோ வைத்திருக்கிறான் போல. அந்தப் பேச்சு நாங்கள் குடியிருக்கும் தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, லயத்துக்கு வந்து, என் மனைவி காதுக்கும் வந்தது. அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கார்மெண்ட்ஸ் வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஒரு நாள் காலையில் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"எங்க போகணும்?" என்றேன்.

"நீங்க தினமும் போற எடத்துக்கு."

வேறு வழியில்லாமல் போனேன். வழியில் வண்டி குலுங்கியது. திருப்பி நிறுத்தி, இறங்கி, கானை எட்டிப் பார்த்தேன். செடிகளை விலக்கிப் பார்த்தேன். அவள் ரோட்டோரத்தில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னாங்க தேடுறீங்க?"

"ஆள."

"யார?"

"நான் அடிச்ச ஆள."

அவள் அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டாள். "பொம்பளையா இருந்திருந்தா சண்டை போட்டுட்டுப் போயிருப்பேன்" என்றாள். பிறகு அழுதாள். நானும் அழுதேன். தேயிலைக்குள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து எங்களைப் பார்த்தார்கள்.

அவள் வேலை செய்யும் இடத்தில் காய்ச்சல், வருத்தம் என்று வந்தவர்களைப் பார்க்கும் நர்ஸ் மிஸ் ஒருவர் இருந்தார். அவர்தான் கொழும்பில் இருக்கும் ஒரு மனநல டொக்டரைப் பற்றிச் சொன்னார். தமிழில் கதைப்பாராம், வீடியோ காலில் பார்ப்பாராம். போனில் பார்த்து என்ன வைத்தியம் செய்வது என்று எனக்கு விளங்கவில்லை. காய்ச்சலுக்கே நெற்றியில் கை வைத்துப் பார்ப்பார்கள். மனதுக்கு எங்கே கை வைத்துப் பார்ப்பது?

எங்கே உட்கார்ந்து பேசுவது என்பது அடுத்த பிரச்சினை. எங்கள் லயத்தில் ஒரு வீட்டில் இருமினால் நாலாவது வீட்டில் என்ன வருத்தம் என்று கேட்பார்கள். அதனால் நானும் அவளும் ஆட்டோவைக் கோயிலுக்கு மேலே, சிக்னல் நன்றாகக் கிடைக்கும் மேட்டுக்குக் கொண்டுபோய், இரண்டு பக்கமும் மழைத் திரையை இறக்கிவிட்டுப் பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டோம். என் வண்டிதான் எனக்கு டொக்டர் அறை.

திரையில் ஒரு பெண் வந்தார். கண்ணாடி போட்டிருந்தார். யாழ்ப்பாணத்து ஆள் என்று முதல் சொல்லிலேயே தெரிந்தது.

"வணக்கம். என்ன நடந்தது எண்டு சொல்லுங்கோ."

நான் சொல்லவில்லை. "டொக்டர், நான் சொல்றத பொலிசுக்குச் சொல்லிடுவீங்களா?" என்று கேட்டேன்.

"எதைச் சொல்ல?"

"நான் அடிச்சத."

"ஆரை அடிச்சனீங்கள்?"

"அதுதான் டொக்டர் தெரியல."

அவர் சிரிக்கவில்லை. முகத்தைப் போனுக்குக் கொஞ்சம் கிட்டே கொண்டுவந்தார். "திரும்பிப் போய்ப் பாத்தாப் பிறகு எப்பிடி இருக்கும்?"

"நிம்மதியா இருக்கும்."

"எவ்வளவு நேரத்துக்கு?"

யோசித்துப் பார்த்தேன். அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. "அடுத்த வளைவு வரைக்கும்" என்றேன்.

எண்ணச் சுழற்சி நோய் என்று அதற்கு ஒரு பெயர் இருப்பதை அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். "இப்பிடி ஒரு எண்ணம் எல்லாருக்கும் வந்து போகும். உங்களுக்கு வந்தது போகேல்லை. நீங்கள் திரும்பிப் போய்ப் பாக்கப் பாக்க அது இன்னும் பலமாகுது" என்றார். அந்தப் பேச்சு எனக்குப் பயத்தைவிட ஆச்சரியத்தைத்தான் தந்தது. என் கண் ரோட்டைப் பார்க்கிறது, ஒன்றும் இல்லை என்று சொல்கிறது. அப்படியென்றால் அதை நம்ப மாட்டேன் என்று உள்ளே இருந்து சொல்வது யார்? வண்டி ஓட்டும்போது அதை யோசிக்கத் தொடங்கினேன். நோயைப் பார்த்து எனக்கு ஆவல் வந்தது அதுதான் முதல் தடவை.

மருந்துச் சீட்டு போனுக்கு வந்தது. மாத்திரை பழகும் வரை சில நாள் வண்டி எடுக்க வேண்டாம் என்றார். பதுளையில் பாமசி வைத்திருந்த முஸ்லிம் நானா சீட்டைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "சாப்பிட்ட பொறகு போடுங்க" என்று மட்டும் சொன்னார். ஊருக்கே தெரிந்துவிடும் என்று நான் பயந்த இடம் அது. அவர் அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

டொக்டரைத் திரையில் நான் தோள்வரைக்கும்தான் பார்த்திருந்தேன். ஒரு நாள் அங்கே காற்றில் ஜன்னல் அடித்துக்கொண்டதும் எழுந்து போய்ச் சாத்தினார். மேலே இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கீழே வீட்டில் உடுத்தும் பூப்போட்ட பாவாடை. திரும்பி வந்து உட்கார்ந்ததும் எங்கள் முகத்தைப் பார்த்து அவருக்கே விளங்கிவிட்டது. "இதை ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ" என்று சிரித்தார். அன்றைக்குப் பிறகு அவரோடு பேசுவது எனக்கு லேசாகிவிட்டது.

வைத்தியத்தில் கஷ்டமான பகுதி என் மனைவிக்குத்தான் வந்தது. "இனி இவர் கேட்டா, இல்லை எண்டு சொல்லாதேங்கோ அம்மா" என்றார் டொக்டர்.

"அப்ப அடிச்சீங்கன்னா சொல்றது?" என்று அவள் பதறினாள்.

"அதுவும் வேண்டாம். நீங்கள் இல்லை எண்டு சொல்லுறதும் இவர் திரும்பிப் போய்ப் பாக்கிற மாதிரித்தான். தெரியாது எண்டு சொல்லுங்கோ. அதோடை விட்டுடுங்கோ."

கால் முடிந்ததும் அவள் என்னிடம் சண்டைக்கு வந்தாள். "ஒரு வார்த்த சொன்னா மனுசன் சாப்பிடுறாரு. அதக்கூடச் சொல்லக் கூடாதுன்னா இது என்னாங்க வைத்தியம்?" ஆனால் டொக்டர் சொன்னபடியே செய்தாள். நான் கேட்பேன். அவள் சட்டியைக் கழுவிக்கொண்டே, முகத்தைக் காட்டாமல், "தெரியாதுங்க" என்பாள். ஒரு நாள் நான் கோபத்தில் தட்டைத் தள்ளிவிட்டேன். அவள் தட்டை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டு, "அதுக்கும் எனக்குப் பதில் தெரியாதுங்க" என்றாள்.

பிறகு ஒரு நாள் டொக்டர் போன் வழியாகவே எங்களோடு ரோட்டுக்கு வந்தார். நான் போன் பக்கம் பார்க்கவே கூடாது, ரோட்டை மட்டும் பார்க்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். மனைவி பின் சீட்டில் இருந்து போனை முன்கண்ணாடிக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள். டொக்டர் மலையகத்து ரோட்டை அப்போதுதான் இவ்வளவு கிட்டே பார்க்கிறார் போலிருந்தது. "இது என்ன, இவ்வளவு ஒடுங்கின ரோட்டிலை பஸ்ஸும் வருமோ?" "அந்தச் செடிக்குள்ளை நிக்கிற மரம் என்ன மரம்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். சவுக்கு என்றாள் மனைவி.

குழி இருந்த அந்த வளைவில் வண்டி குலுங்கியது. என் கை தானாக ஹேண்டிலைத் திருப்பப் பார்த்தது. "டொக்டர்!" என்றேன்.

பதில் இல்லை. மலை மறைத்து, சிக்னல் போய்விட்டது.

வண்டியை ஓரமாக நிறுத்தினேன். "நீ பாத்தியா? குழிதானே? நீ பின்னாலதான இருந்த, சொல்லு."

அவள் போனை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அவளுக்கு அது குழிதான் என்று தெரியும். பின்னால் திரும்பினாலே கண்ணுக்கும் தெரியும். "தெரியாதுங்க" என்றாள். "எனக்குத் தெரியாது. வண்டிய எடுங்க."

எடுத்தேன். அந்த ரோட்டில் அவ்வளவு மெதுவாக நான் எப்போதும் ஓட்டியதில்லை. டவுனில் ஒரு கடைக்கு முன்னால் நிறுத்தி இரண்டு பிளேன்டீ சொன்னோம். என் கோப்பையையும் அவளே பிடித்துக்கொண்டாள். அப்போது ஒன்றைக் கவனித்தேன். திரும்பிப் போகாமலே பயம் குறைந்துகொண்டு வந்தது. நான் ஒன்றும் செய்யவில்லை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வெயில் ஏறும்போது மூட்டம் கலைவதுபோல அதுவாகவே போய்க்கொண்டிருந்தது. போகும் என்றே எனக்கு இத்தனை காலம் தெரியாது. நான்தான் அதுவரைக்கும் பொறுத்ததில்லையே.

டொக்டர் மறுபடி கால் எடுத்தபோது எங்களைவிட அவர்தான் பதறிப்போயிருந்தார். நடந்ததைச் சொன்னோம். அவர் என்னை விட்டுவிட்டு மனைவியிடம் கேட்டார். "அம்மா, உங்களுக்கு எப்பிடி இருந்தது?" அந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை. அவள் போனை என்னிடம் தந்துவிட்டுக் கடைக்கு வெளியே போய்விட்டாள்.

ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. அடை மழைக் காலத்தில் மறுபடி பழையபடி திரும்பிப் போய்ப் பார்த்தேன். டொக்டரிடம் சொன்னேன். "பரவாயில்லை, திரும்பவும் தொடங்குவம்" என்றார். தொடங்கினோம். மாத்திரையை இன்னும் போடுகிறேன். வீடியோ கால் வரவர இடைவெளி விட்டு வருகிறது.

போன தடவை பேசும்போது அவருக்குச் சொல்ல என்னிடம் ஒரு செய்தி இருந்தது. ஹாலிஎல கடைவீதியில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது உண்மையாகவே ஒருவரை இடித்துவிட்டேன். சிங்களவர், வயதானவர், கையில் குடையோடு நின்றவர். விழுந்து முழங்காலில் தோல் உரிந்துவிட்டது. ஓடிப்போய்த் தூக்கி, வண்டியில் ஏற்றி, மருந்து கட்டக் கொண்டுபோனேன். போகிற வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார். வீட்டு வாசலில் இறங்கியதும், அடுத்த கிழமை மகளைப் பார்க்க மொனராகலைக்குப் போக வேண்டும், வருவாயா என்று கேட்டு என் நம்பரை வாங்கிக்கொண்டார்.

டொக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "பிறகு? திரும்பிப் போய்ப் பாத்தனீங்களோ?"

"எதுக்கு டொக்டர்? ஆள் பின்னால உக்காந்து திட்டிக்கிட்டுல்ல வந்தாரு."

அவருக்குச் சிரிப்பு அடங்க நேரமானது. எனக்கு அந்த நாளில் சந்தேகமே வரவில்லை. இடித்த உடனே தெரிந்தது, உடனே இறங்கினேன், அவ்வளவுதான். அவர் அதை விடவில்லை. இடித்த நிமிடத்தில் உள்ளே என்ன இருந்தது, மற்ற நாட்களில் வருவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டுக்கொண்டே போனார். பக்கத்தில் இருந்த மனைவி, "இதுக்கு எனக்குப் பதில் தெரியும் டொக்டர், நான் சொல்றேன்" என்று போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.