ரிபெய்ராவ் பிரெட்டோவிலிருந்து டி. கல்லுப்பட்டிக்கு, இரண்டு நாள் தாமதமாக

மூன்று வருடமாகப் பிரேசிலில் இருக்கிறேன். சாவோ பாவ்லோவிலிருந்து 315 கிலோமீட்டர் உள்ளே, ரிபெய்ராவ் பிரெட்டோ என்ற ஊர். மதுரையைவிடச் சின்னது, வெயில் மட்டும் நம்மூர் வெயிலேதான். சுற்றிலும் கரும்புக்காடு. சர்க்கரை ஆலைகளில் கொதிகலன் பழுது பார்ப்பது என் வேலை. இந்த முறை மூன்று வார விடுப்பில் வந்தது ஒரே காரணத்துக்காக: மனைவி செல்வியையும் ஐந்து வயது மகளையும் கூட்டிப்போக. "அப்பா மனசாரச் சரின்னு சொல்லாம நான் பிளைட் ஏற மாட்டேன்" என்று செல்வி முதலிலேயே சொல்லிவிட்டாள். அவள் அப்பா, என் மாமனார், டி. கல்லுப்பட்டிக்காரர். நான் பிரேசில் போனதிலிருந்து செல்வியும் மகளும் அவர் வீட்டில்தான் இருக்கிறார்கள்.

அங்கே வாழ்க்கை எப்படி என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். சத்தியமாக எனக்கும் முழுசாகப் புரிந்தபாடில்லை. சாவோ பாவ்லோவிலிருந்து பஸ்ஸில் நாலரை மணி நேரம், சீட்டு சொகுசு. மதியச் சாப்பாட்டை எடை போட்டு விற்கிறார்கள். தட்டை நிரப்பித் தராசில் வைக்க வேண்டும். நான் ரசத்துக்கு ஏங்கி, பீன்ஸ் குழம்பைச் சோறு மிதக்க ஊற்றிவிட்டு, தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுத்தவன்.

ஆனால் என்னை நிஜமாகக் குழப்பியது அழைப்புகள்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், கூட வேலை பார்க்கும் மார்செலோ, "ஒருநாள் வீட்டுக்கு வா" என்று தோளில் கைபோட்டுச் சொன்னான். அந்த ஞாயிறே இரண்டு கிலோ ஆரஞ்சும் ஒரு சீப்பு வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு போய் மணியடித்தேன். அரை டவுசரோடு கதவைத் திறந்தவன் பதறிப்போய், "என்ன ஆச்சு? யாருக்கும் உடம்பு சரியில்லையா?" என்றான். அட கடவுளே! அது சும்மா அன்புக்குச் சொல்வதாம். போகப்போக இன்னொன்றும் புரிந்தது. அங்கே நான் பழகும் வட்டாரத்தில் "வர முடியாது" என்று முகத்துக்கு நேரே சொல்வதுதான் மரியாதைக் குறைவு. "கண்டிப்பா வாரேன்" என்று சொல்லிவிட்டு வராமல் இருந்துகொள்ளலாம், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. நானும் பழகிக்கொண்டேன். வசதியாகத்தான் இருந்தது.

போன வாரம் மாமா போனில், "மாப்ள, புதன்கிழமை மத்தியானம் வந்து கறிச்சோறு சாப்புட்டுப் போங்க" என்றார். "கண்டிப்பா வாரேன் மாமா" என்றேன். புதன்கிழமை ஒரு விசா காகிதத்துக்காக அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன். போன் சைலண்டில் கிடந்தது. நாளைக்குப் போனால் போச்சு என்ற நினைப்பு. சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் மாமா போனிலிருந்து பதினோரு மிஸ்டு கால். திரும்ப அழைத்தால் செல்வி எடுத்து, "இனி வர வேணாம்" என்று வைத்துவிட்டாள். வியாழக்கிழமை முழுக்க மாமாவும் போனை எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை 7.40-க்கு ஆரப்பாளையத்தில் என் வீட்டிலிருந்து கிளம்பினேன். பெரியார் நிலையம் வரை ஷேர் ஆட்டோ, 20 ரூபாய். அங்கிருந்து திருமங்கலம் பஸ், 20 ரூபாய், 50 நிமிடம். திருமங்கலத்தில் ராஜபாளையம் பஸ்ஸுக்கு மாறினால் கல்லுப்பட்டிக்கு இன்னும் சுமார் 20 கிலோமீட்டர், 22 ரூபாய். கண்டக்டர் "எங்க?" என்றதும் ஊரைச் சொல்லிவிட்டு, பிரேசில் பழக்கத்தில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். "கட்டவெரலக் காட்டுனா எப்புடிண்ணே, காசக் குடுங்க" என்றார். பஸ்ஸே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

10.15-க்கு வீட்டு வாசலில் நின்றேன். "வாங்க மாப்ள" என்றார் மாமா. நாற்காலியும் வந்தது, தண்ணீரும் வந்தது. அதற்குப் பிறகுதான் சொன்னார்.

"பங்காளிக இருபது பேரு ஒங்களப் பாக்கன்னே வந்தாக. கெடா வெட்டுனோம். மாப்ள வாரேன்னு சொல்லிருக்காகன்னு நாலு மணி வரைக்கும் ஒருத்தர் கை நனைக்கல. சின்னப்பிள்ளைகளும் பசியோட கெடந்துச்சுக. ஏன் மாப்ள, முடியாதுன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா எம்புட்டு லேசாப் போயிருக்கும்?"

அந்த ஊரில் அப்படிச் சொல்வதுதான் தப்பு மாமா என்று விளக்க ஆரம்பித்தேன். பாதியிலேயே எனக்கே கேவலமாக இருந்தது. "தப்புதான் மாமா, மன்னிச்சிருங்க" என்றேன். "சரி விடுங்க. பொண்ணு என்ன சொல்லுதோ அதான்" என்று எழுந்து வெளியே போய்விட்டார்.

செல்வி கதவோரம் நின்றிருந்தாள்.

"இங்க நீங்க வரலன்னா கேக்க அப்பா இருக்காரு. அங்க ஆறு மணிக்கு வாரேன்னு சொல்லிட்டு வரலன்னா, நான் பிள்ளையக் கையில பிடிச்சுக்கிட்டு யார்கிட்டப் போய்க் கேக்க?"

"கண்டிப்பா அப்படி..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டேன். "தெரியல செல்வி. எப்ப இப்படி ஆனேன்னு எனக்கே தெரியல."

அவள் என் தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டாள். "நான் பிரேசிலுக்கு வாரேன்னு இப்பச் சொல்ல மாட்டேன். சொல்லிட்டா வந்துருவேன்."

மத்தியானம் சாப்பாடு போட்டார்கள். பருப்புக்குழம்பு, கத்தரிக்காய். 3.20 பஸ்ஸில் திரும்பினேன். திருமங்கலத்தில் கூட்டம் ஜாஸ்தி, உட்கார இடம் வேண்டுமென்றால் மூன்று மணிக்கு முன்பே கிளம்பிவிடுங்கள்.

குடும்பத்தோடு பிரேசில் போக நினைப்பவர்களுக்கு: பிறப்பு, திருமணச் சான்றிதழ்களைக் குறைந்தது மூன்று மாதம் முன்பே தயார் செய்யுங்கள். போர்ச்சுகீசிய மொழிபெயர்ப்புக்குத் தனியாக நாள் ஒதுக்குங்கள். அதற்கெல்லாம் முன்னால் வீட்டில் கேளுங்கள். கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை காத்திருங்கள். நாளை எனக்கு விமானம். முடிவு சொல்லிச் செல்வியிடமிருந்து இன்னும் போன் வரவில்லை. மத்தியானம் மணி இரண்டரை. மேசையில் சோறு ஆறிப்போய்க் கிடக்கிறது, நான் இன்னும் கை நனைக்கவில்லை.